எர்த்ஸீ நாவலும் படமும்: படித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின், எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகை வைத்து எழுதிய நாவல்களைப் படித்துவிட்டு, ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ அவற்றிலிருந்து எடுத்த அனிமேஷன் படத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முகம் சுளிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "புத்தகம் மாதிரி இல்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வாசிப்புக் குழு நடத்துகிறவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க நினைக்கிறவர்களுக்கும் இந்தப் பதில்கள். கதையின் முடிவுகளும் இங்கே வருகின்றன. இன்னும் படிக்கவில்லை என்றால் மூன்றாவது கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் படம், எந்தப் புத்தகம்?

படம் 2006 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. 115 நிமிடம். இயக்குநர் கோரோ மியாசாகி, ஜிப்லியின் புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் மகன். இதுதான் அவருக்கு முதல் படம்.

புத்தகங்கள் ஆறு: 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968), 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்' (1971), 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972), பதினெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 'தெஹானு' (1990), பின்னர் 2001இல் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' என்ற கதைத் தொகுப்பும் 'தி அதர் விண்ட்' நாவலும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். படத்தின் ஆங்கிலப் பெயரும் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ'தான். பெயரை நம்பி அந்தத் தொகுப்பை வாங்கினால், படத்தின் இளவரசன் அரனும் வில்லன் காபும் வரும் கதையை அதில் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். படத்தின் எலும்புக்கூடு மூன்றாவது நாவலிலிருந்து வந்தது. பண்ணை வீடும் அங்கே வளரும் தெர்ரு என்ற பெண்ணும் நான்காவதிலிருந்து. நிழல் துரத்துவது முதல் நாவலின் சாயல். இவை போதாதென்று ஹயாவோ மியாசாகி 1983இல் வரைந்த 'ஷூனாவின் பயணம்' என்ற சித்திரக்கதையும் சேர்ந்திருக்கிறது. மூன்றரைக் கதையை இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது.

படத்துக்கு முன்னால் எத்தனை படிக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு: முதலாவதும் மூன்றாவதும். முதல் நாவல் இருநூறு பக்கத்தை ஒட்டிய சிறிய புத்தகம். தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் முடியும். இடைநிலைப்பள்ளி ஆங்கிலம் போதும். சொற்கள் எளிமையானவை, வாக்கியங்கள்தான் நீளம். வாய்விட்டுப் படித்தால் சுலபமாகப் பிடிபடும்.

இரண்டாவதைத் தவிர்க்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அதைப் படிக்காதவருக்குப் படத்தில் வரும் தெனார் யாரோ ஒரு பண்ணைக்கார அம்மா. படித்தவருக்கு, இருட்டுச் சுரங்க அறைகளில் பெயர் பறிக்கப்பட்டு வளர்ந்த பூசாரிப் பெண். நாவல்களின் நாயகனான கெட்டும் அவளும் ஏன் அவ்வளவு குறைவாகப் பேசியே புரிந்துகொள்கிறார்கள் என்று படம் விளக்குவதே இல்லை.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

கோலாலம்பூரில் கேஎல்சிசி கினோகுனியாவில் பேண்டஸி அடுக்கில் பாருங்கள். பினாங்கில் சௌரஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். அங்கே ஆசிரியர் பெயர் வரிசை எதிர்பார்க்காதீர்கள், முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும். சில பதிப்புகளில் முதல் நான்கு நாவல்கள் ஒரே தடித்த புத்தகமாக வந்திருக்கின்றன. விலைக்கு லாபம், கைக்குத்தான் வலி.

சுருக்கமாகச் சொல்லுங்கள், படம் நன்றாக இருக்கிறதா இல்லையா?

புத்தகம் படிக்காதவருக்குச் சுமாரான படம், சில இடங்களில் அழகான படம். படித்தவருக்குத் தவறான படம். காட்சிகளை வெட்டியதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. அந்த உலகம் எந்தச் சட்டத்தின்மேல் நிற்கிறதோ அந்தச் சட்டத்தை மீறியதுதான் தவறு.

அது என்ன சட்டம்?

மூன்று இழைகள் பின்னிய ஒரே கயிறு: பெயர், சமநிலை, நிழல்.

பெயர். எர்த்ஸீயில் ஒவ்வொன்றுக்கும் ஆதிமொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதைத் தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். ஆகவே மனிதர்கள் மெய்ப்பெயரை மறைத்து, வெளியில் ஓர் அழைப்புப் பெயரோடு நடமாடுகிறார்கள். கதாநாயகனுக்குச் சிறுவயதுப் பெயர் டூனி. ஊர் அழைப்பது ஸ்பாரோஹாக். பதின்மூன்று வயதில் ஆசான் ஓஜியன் அவனைக் குளிர்ந்த ஊற்றுநீரில் நடக்கவிட்டுக் காதில் சொல்லும் பெயர் கெட். ஐசியில் (அடையாள அட்டையில்) ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தோடு சொல்லும் பெயர் என்று வளர்ந்த நமக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. ஒருவரிடம் மெய்ப்பெயரைச் சொல்வது உயிரைக் கையில் கொடுப்பதற்குச் சமம். வெட்ச் என்ற நண்பன் தன் மெய்ப்பெயரைக் கெட்டிடம் சொல்லும் இடத்தில்தான் அந்த நட்பு நமக்கு நட்பாகத் தெரிகிறது.

சமநிலை. மந்திரம் இலவசமில்லை. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் அது வேறெங்கோ வறட்சியாக முடியலாம். ஓஜியன் பெரிய வித்தகர் (மந்திரம் கற்றவரை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்), ஆனால் மழை வந்தால் மேகத்தை விரட்டாமல் மரத்தடியில் ஒதுங்கி நனைகிறார். சிறுவன் கெட்டுக்கு எரிச்சல்: மழையைக்கூட நிறுத்தாத ஆசானிடம் என்ன படிப்பது? அந்த எரிச்சல்தான் பின்னால் அவனை ஆணவத்தில் தள்ளுகிறது.

நிழல். ரோக் தீவின் பள்ளியில் சக மாணவனிடம் வீம்புக்காக இறந்தவரின் ஆவியை அழைக்கிறான் கெட். திறந்த பிளவு வழியாக ஒரு நிழல் வெளியேறுகிறது. அதை மூடப்போன முதிய தலைமை வித்தகர் உயிரிழக்கிறார். நிழல் அவனைத் தீவுக்குத் தீவு துரத்துகிறது. திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் ஓஜியன். கடைசியில் அதற்குக் கெட் சூட்டும் பெயர் தன் சொந்தப் பெயரேதான். தீமையை அவன் கொல்லவில்லை, தனது என்று ஒத்துக்கொள்கிறான். நாவலின் உயிர்நாடி இந்தப் பக்கங்கள்.

படம் அதை எங்கே உடைத்தது?

தொடக்கத்திலேயே. இளவரசன் அரன் தன் தந்தையான மன்னரைக் கத்தியால் குத்திவிட்டு ஓடுகிறான். நாவலில் இப்படி எதுவும் இல்லை. அங்கே மந்திரம் நாடெங்கும் செத்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தியோடு தந்தையே அவனை ரோக்குக்கு அனுப்புகிறார். ஏன் கொன்றான் என்பதற்குப் படம் கடைசிவரை சரியான விடை தரவில்லை. அவனுக்குள் ஓர் இருள் என்று மட்டும் சொல்கிறது. காரணமில்லாத பாவத்துக்குப் பரிகாரமும் காரணமில்லாமல்தான் வரும்.

அடுத்தது நிழல். நாவலில் நிழல் கெட்டின் ஆணவம். படத்தில் அரனைத் துரத்துவது அவனிடமிருந்து பிரிந்துபோன நல்ல பாதி. தலைகீழாக்கியதே தவறு என்று சொல்ல மாட்டோம், யோசித்துப் பார்த்தால் நல்ல கற்பனைதான். ஆனால் அந்தப் பாதி அவனோடு சேரும் தருணத்தை அரன் உழைத்து அடையவில்லை. நிழல் தெர்ருவிடம் போய் அவனுடைய மெய்ப்பெயரான லெபானனைச் சொல்லிவிடுகிறது, அவள் கொண்டுவந்து கொடுக்கிறாள். கெட் படகில் உலகத்தின் விளிம்புவரை போய்ப் பெற்றதை இவனுக்கு வீட்டு வாசலில் டெலிவரி செய்துவிட்டார்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது: காபின் முடிவு. நாவலில் காப் சாகாமல் இருக்கும் ஆசையில் உயிருக்கும் சாவுக்கும் இடையே ஒரு கதவைத் திறந்துவிட்டவன். வாளால் வெட்டினாலும் காயம் மூடிக்கொள்கிறது. கொன்று தீர்க்கக்கூடிய ஆள் இல்லை. கதவை மூடக் கெட் தன் மந்திர வலிமை முழுவதையும், கடைசிச் சொட்டுவரை, செலவழிக்கிறான். அதன்பின் அவன் வித்தகனே இல்லை. படத்திலோ தெர்ரு டிராகனாக மாறிக் காபைச் சுட்டெரிக்கிறாள், பிரச்சினை தீர்ந்தது. கெட்டுக்கு எந்த இழப்பும் இல்லை. விலை கொடுக்காத மந்திரம் எர்த்ஸீயின் மந்திரம் அல்ல.

சமநிலையை மட்டும் படம் மறக்கவில்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். உண்மை, கெட் அதைப் பற்றிப் பலமுறை பேசுகிறார். பேசுகிறார் என்பதுதான் சங்கடம். நாவலில் ஓஜியன் ஒரு சொல்லும் சொல்லாமல் நனைந்துகொண்டிருக்கிறார்.

எல்லாப் படமும் நாவலை மாற்றத்தானே செய்யும்?

செய்யத்தான் வேண்டும். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். 115 நிமிடப் படம் என்றால் 115 பக்கத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். எது போயிற்று என்று பட்டியல் போடுவது வீண் வேலை. எதைக் காப்பாற்ற எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முப்படங்களை (2001–2003) எடுத்துக்கொள்வோம். டாம் பாம்படில் என்ற பாத்திரம் முழுதாகப் போய்விட்டது, கதைக்குச் சேதமில்லை. ஃபாராமிர் நாவலில் மோதிரத்தைத் தொட மறுக்கும் பெருந்தன்மையான மனிதர். படத்தில், மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவைப் பிடித்து ஓஸ்கிலியத் நகருக்கு இழுத்துப் போகிறார். வாசகர்கள் கொதித்தார்கள். ஆனால் மோதிரம் எல்லாரையும் சபலப்படுத்தும் என்று முதல் படத்திலிருந்தே சொல்லிவிட்டு, ஒருவர் மட்டும் சர்வசாதாரணமாக வேண்டாம் என்றால், படிக்காத பார்வையாளருக்கு மோதிரம் பலவீனமாகத் தெரியும். சட்டத்தைக் காக்க ஒரு பாத்திரத்தைப் பலியிட்டார்கள். பிடிக்காவிட்டாலும் நியாயம் புரிகிறது.

இன்னும் நல்ல உதாரணம் ஜிப்லியிலேயே இருக்கிறது. 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' நாவலில் (1986) மந்திர வித்தை தெரிந்த நாயகன் ஹவுல் வேல்ஸ் நாட்டுக்காரன். கோட்டையின் ஒரு கதவு அங்கே திறக்கும். 2004இல் வந்த படத்தில் வேல்ஸே இல்லை, நாவலில் இல்லாத ஒரு போர் நடுவில் நிற்கிறது. பதினைந்து வயதுச் சீடன் சின்னப் பையனாகிவிட்டான். இத்தனை மாற்றியும், ஹவுல் தன் இதயத்தை நெருப்புப் பூதத்திடம் கொடுத்த ஒப்பந்தமும் அதை நாயகி சோஃபி பிரிக்க வேண்டிய கட்டாயமும் அப்படியே நிற்கின்றன. அதனால் படமும் நிற்கிறது.

லெ குவின் என்ன சொன்னார்?

1980களில் நாவல்களைப் படமாக்க ஹயாவோ மியாசாகி அனுமதி கேட்டபோது அவர் மறுத்தவர். ஹயாவோவின் படங்களைப் பார்த்த பிறகு மனம் மாறி, ஹயாவோ எடுப்பார் என்ற எதிர்பார்ப்பில் சம்மதித்தார். எடுத்தது மகன். படம் பார்த்த அன்று கோரோவிடம், இது என் புத்தகம் அல்ல, உங்கள் படம், நல்ல படம் என்ற பொருளில் மரியாதையாகச் சொன்னார். தனிப்பட்ட முறையில் சொன்ன அதைக் கோரோ தன் வலைப்பதிவில் வெளியிட்டதால், பிறகு விரிவாக எழுதினார்: தந்தைக் கொலைக்குக் காரணமில்லை, தீமையை ஒரு வில்லன்மேல் ஏற்றிக் கொன்றுவிட்டால் எல்லாம் தீரும் என்பது தன் நூல்களின் போக்குக்கு எதிரானது என்று. படத்தின் அழகையும் அவர் ஒப்புக்கொண்டார்.

2004இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கலாமா?

வேண்டாம். ஒரே காரணத்துக்காக வேண்டுமானால் பத்து நிமிடம் பாருங்கள்: அதில் கெட் என்பது ஊர் அழைக்கும் பெயர், ஸ்பாரோஹாக் மெய்ப்பெயர்! இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். பெயரே மந்திரம் என்ற கதையில்.

இன்னொன்றும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். நாவலில் கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் நல்ல கறுப்பு. தீவுக்கூட்டத்தில் பெரும்பான்மையினர் கறுப்பும் மாநிறமும். வெள்ளையர் கார்க் நாட்டவர் மட்டும், தெனார் அவர்களில் ஒருத்தி. 1968இல் லெ குவின் வேண்டுமென்றே செய்த வேலை இது. தொடரில் கெட்டாக வெள்ளை நடிகரைப் போட்டார்கள், லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். இந்தத் தொடரை எடுத்த சேனலிடம் உரிமை இருந்ததால்தான் ஜிப்லி படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 2010 வரை வரவில்லை.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

ஜிப்லி என்ற பெயரைப் பார்த்து 'டோட்டோரோ' போன்ற குழந்தைகள் படம் என்று நினைத்து உட்கார வைக்காதீர்கள். முதல் சில நிமிடங்களில் தந்தைக் கொலை. நடுவில் அடிமை வியாபாரம், ஹாஸியா என்ற போதைப்பொருள். இறுதியில் காபின் முகம் சிதைவது சின்னப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். பன்னிரண்டுக்கு மேல் கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

ஜிப்லி படங்களை நெட்பிளிக்ஸ் 2020 பிப்ரவரியிலிருந்து பல நாடுகளில் வெளியிடத் தொடங்கியபோது முதல் தவணையிலேயே இது இருந்தது. ஜப்பானிய ஒலியோடும் சப்டைட்டிலோடும் பாருங்கள். ஆங்கில ஒலி மோசமில்லை, ஆனால் காபின் ஜப்பானியக் குரல் மெல்லக் கிசுகிசுக்கும், பயம் அதில்தான்.

தமிழில் பேசும்போது எந்தச் சொற்களைப் பயன்படுத்துவது?

'மந்திரவாதி' என்றதும் நம் ஊரில் சூனியமும் தாயத்தும் நினைவுக்கு வரும், பேச்சு திசைமாறும். 'வித்தகர்' என்று வைத்துக்கொண்டால் பள்ளி, படிப்பு, கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து வரும். டிராகனை 'நாகம்' என்று சொல்ல ஆசை வரும், மலாயிலும் நாகா என்றால் அதுதானே. ஆனால் தமிழ்க் காதுக்குப் புற்றும் பாலும் தெரியும். டிராகன் என்றே விட்டுவிடுங்கள். 'நிழல்' அப்படியே சரி. மெய்ப்பெயர், அழைப்புப் பெயர் இரண்டையும் முதலிலேயே எழுதிக் காட்டிவிடுங்கள்.

குழுவில் பேச எப்படித் திட்டமிடுவது?

எட்டு முதல் பத்துப் பேர், மூன்று மணி நேரம். படம் 115 நிமிடம், தே தாரிக் குடிக்கப் பத்து நிமிடம், மிச்சம் பேச்சுக்கு. படம் போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் அரைப் பக்கத்தில் ஒரு விடை எழுதட்டும்: இந்த உலகத்தில் மந்திரத்துக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்? இதை விட்டுவிட்டால் பேச்சு நேராக கிராஃபிக்ஸுக்குப் போய்விடும், திரும்பி வராது.

பார்க்கும்போது மூன்று பத்தியாகக் குறிப்பு: வெட்டியது, ஒட்டியது, தலைகீழாக்கியது. முதல் பத்தி தானாக நிரம்பும், அதைப் பற்றிப் பேசாதீர்கள். மூன்றாம் நாவலில் வரும் ராஃப்ட் மக்கள் போனார்கள், லோர்பனெரித் தீவின் சாயக்காரர்கள் போனார்கள், சரி. மூன்றாவது பத்தியில்தான் சரக்கு.

ஆறு புத்தகமும் படித்தவர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரைக் கடைசியில் பேச விடுங்கள். படம் மட்டும் பார்த்தவரிடம் முதலில் கேளுங்கள்: அரன் ஏன் தந்தையைக் கொன்றான்? அவர் திணறினால் அது படத்தின் குறை.

மண்டபத்தில் திரையிட்டு டிக்கெட் விற்கலாமா?

வீட்டுச் சந்தாவை வைத்து முடியாது, அது வீட்டில் பார்க்க மட்டும். பொது இடம் என்றால் உரிமையாளரிடம் திரையிடும் அனுமதி வேண்டும். மலேசியாவில் பொதுத் திரையிடலுக்குத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். இலவசம் என்பதால் சலுகை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். சிறிய குழுவுக்கு யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறை போதும்.

படத்தில் பார்க்கத் தகுந்தது எது?

தொடக்கத்தில் புயலில் சிக்கிய கப்பல்: காற்றின் மெய்ப்பெயரையே மறந்துபோன வித்தகன் திகைத்து நிற்பது. இரண்டே நிமிடத்தில் மூன்றாம் நாவலின் சாரம் வந்துவிடுகிறது. படம் முழுதும் இப்படி இருந்திருக்கலாம். ஹோர்ட் நகரத்தின் இடிந்த வளைவுகளும் மாலை வெளிச்சமும். பண்ணையில் உழும் காட்சிகள், அவசரமில்லாதவை.

படம் பார்த்த பிறகு எந்தப் புத்தகத்தைத் திறப்பது?

'தெஹானு'. படத்தில் தெர்ரு அரன் வயதுப் பெண், முகத்தில் சிவந்த ஒரு தழும்பு, அதுவும் அழகைக் கெடுக்காத அளவுக்கு. நாவலில் அவள் சிறு குழந்தை. பெரியவர்கள் சித்திரவதை செய்து நெருப்பில் தள்ளியவள். ஒரு கண் போய்விட்டது, ஒரு கை வெந்து சுருங்கிவிட்டது. ஊரார் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், தெனார் மட்டும் திருப்புவதில்லை. படத்தில் தெர்ரு புல்மேட்டில் நின்று தெளிந்த குரலில் ஒரு முழுப் பாட்டுப் பாடுகிறாள், கேட்க இனிமையாகவே இருக்கிறது. நாவலின் தெர்ருவுக்குக் குரலே கரகரத்த கிசுகிசுப்புதான். அந்தக் குரலில் அவள் ஒரு டிராகனைக் கூப்பிடுகிறாள், அது வருகிறது.